மாஸ்டர் வீட்டுக் குழாயும் நான்காம் விதியும்

இந்தப் பகல்நேரப் பிள்ளைகள் நிலையத்தைப் பொறுப்பெடுக்க வந்திருக்கும் தங்கைகள் இருவருக்கும்,

வரவுப் பதிவேடு மேசை இழுப்பறையில் இருக்கிறது. பாட்டுக் கொப்பி அலுமாரியின் மேல்தட்டில். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை முதுகைத் தட்டினால்தான் தூங்கும் என்பதெல்லாம் நீலமட்டைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இவற்றுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் இருவரும் என்னைவிடக் கூடப் படித்தவர்கள். ஆனால் பின்வளவில் நிலத்துக்கு அடியில் ஓடும் மலகூடக் குழாயைப் பற்றி எந்தக் கொப்பியிலும் இல்லை. அதனால் அதைத் தனியாக எழுதுகிறேன்.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். கணவருக்கு இடமாற்றம் வந்ததாலும், இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருப்பதாலும் விலகுகிறேன். ஆறு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு அடுத்தவருக்குச் சொல்ல வருவதா என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு, குழாய் என்ன என் வயதைக் கேட்டுவிட்டா அடைக்கப்போகிறது என்று தோன்றியது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குழாயால் ஒருவருடைய வேலை போனது. போக்கியவள் நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வாடகைக்கு எடுத்தபோதே இது பழைய வீடு. பதுளையின் மேட்டுத் தெருக்களில் இருக்கும் மற்ற வீடுகளைப் போல, முன்வாசல் தெருவோடு சமமாக இருக்கும். பின்வளவு படிப்படியாகக் கீழே இறங்கும். மலகூடத்திலிருந்து புறப்படும் சுட்ட மண் குழாய், ஜம்பு மரத்தடியில் வளைந்து, வளவின் அடியில் இருக்கும் மலக்குழிக்குப் போகிறது. குசினியில் சமைத்துப் பாத்திரம் கழுவும் தண்ணீரும் அப்போது அதே குழாயில்தான் சேர்ந்தது. வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பின்னும் பதுளையிலேயே தங்கிவிட்டவர். தெரு முழுவதும் அவரை மாஸ்டர் என்றது. நாங்களும் அப்படியே.

இருபத்திரண்டு பிள்ளைகள். தாய்மாரில் ஆஸ்பத்திரித் தாதி, கந்தோர் எழுதுவினைஞர், புடைவைக் கடையில் நிற்பவர்கள் என்று பலர். எல்லோரும் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டியவர்கள். இந்த வீடு இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டிவரும். என் மகளும் இங்கேதான். அப்போது அவளுக்கு இரண்டு வயது. சமையல், பிள்ளைகளைக் கழுவுவது, தூங்க வைப்பது எல்லாம் பாக்கியம் அக்கா. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்தபின் எங்களிடம் வேலைக்கு வந்தவர். பிள்ளைகளுக்கு அவர் பாக்கியம்மா.

மூன்றாம் மாதம் முதல் அடைப்பு வந்தது. குழாய் முதலில் பேசும். வாளித் தண்ணீரை ஊற்றினால் தொண்டைக்குள் கதைப்பதுபோல் ஒரு சத்தம். காலையில் அது கேட்டது. பத்து மணிக்கு மலகூடம் நிறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கவைத்து, ரயில் விளையாட்டு என்று சொல்லி, மாஸ்டர் வீட்டு மலகூடத்துக்குக் கூட்டிப்போனோம். வழி அவருடைய விறாந்தை, ஹோல், சாப்பாட்டு மேசை. மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ரயில் நான்காவது தடவை கடந்தபோது பத்திரிகையைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, உந்த ரயில் எத்தினை மணி மட்டும் ஓடும்?”

“பின்னேரம் வரைக்கும், மாஸ்டர்.”

“அப்ப இண்டைக்கு நான் ஸ்ரேஷன் மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மறுபடி உயர்த்தினார்.

அன்றைக்கு ஆள் பிடித்து, மூங்கில் பட்டையைக் குழாய்க்குள் விட்டுக் குத்தித் தண்ணீர் ஊற்றினோம். போய்விட்டது. ஆறு வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி குத்தினோம். அடுத்தது ஐந்து வாரத்தில்.

அடைப்பு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது ஆளைத்தான். மாஸ்டர் பிள்ளைகளைச் சொன்னார். நான் காலையும் மாலையும் இருபத்திரண்டு பேருடைய சட்டைப் பைகளையும் சோதித்தேன். பொத்தான், புளியங்கொட்டை, கடித்த பிஸ்கட், உயிரோடு ஒரு நத்தை. குழாயை அடைக்கிற சாமான் ஒன்றும் இல்லை. பிறகு நான் ஜம்பு மரத்தின் வேரைச் சொன்னேன். மாஸ்டருக்கு முகம் மாறிவிட்டது.

“அந்த மரத்துக்கு உம்மளைவிட வயசு கூட, பிள்ளை. இவ்வளவு காலமும் ஒருத்தரையும் அது கரைச்சல்படுத்தேல்லை” என்றார்.

எனக்குப் பயம் வந்தால் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. சுத்தத்தைக் கூட்டுவேன். நிலையத்தைத் திறந்த நாளிலேயே பெரிய மட்டையில் ஏழு சுகாதார விதிகளை எழுதி, சுற்றிவரப் பூப்போட்டு, மலகூடச் சுவரில் மாட்டியிருந்தேன். எல்லாம் ஆசிரியப் பயிற்சியில் படித்த சுகாதாரப் பாடக் குறிப்பிலிருந்து எடுத்தவை. முதலாவது கை கழுவுவது பற்றியது. நான்காவது, “தினமும் மாலையில் மலகூடத்தில் ஒரு தகரப் பேணி சாம்பல் இடுதல் வேண்டும்” என்பது. சாம்பல் நாற்றத்தையும் ஈயையும் குறைக்கும் என்று படித்திருந்தேன். எங்கள் அடுப்பில் எரிவது மிலாறு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கிளைகள். சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. மாஸ்டர் கூட வந்து ஏழு விதிகளையும் விரல் வைத்து வாசித்து, முதலாம் விதியில் நான் விட்ட ஒரு ‘ச்’ ஒற்றைச் சிவப்புப் பேனையால் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது அடைப்புக்குப் பிறகு நாற்றம் கூடியதால், நான்காம் விதியில் ‘ஒரு’ என்பதை வெட்டி ‘இரண்டு’ என்று எழுதினேன். பாக்கியம் அக்கா ஒரு நாள் தவறாமல் இரண்டு பேணி போட்டார்.

நான்காவது அடைப்பு ஒரு புதன்கிழமை வந்தது. ரயிலை நான் ஓட்டிக்கொண்டு போனபோது மாஸ்டர் வாசலிலேயே நின்றார். ஸ்ரேஷன் மாஸ்டர் கதையெல்லாம் இல்லை.

“பிள்ளை, இதோட நாலு தரம். பிள்ளையளும் இல்லை, மரமும் இல்லை. உங்கட சமையல்கார மனுசி தும்பையும் சோத்தையும் குழாயுக்கை விடுறா. அவவை நிப்பாட்டிப் பாருங்கோ. அஞ்சாந்தரமும் வந்துதெண்டா வீட்டைப் பூட்டி எனக்குத் திறப்பைத் தாங்கோ, நான் வீட்டைத் திருத்தி வேற ஆக்களுக்குக் குடுக்கிறன்.”

நான் குசினிக்குப் போய்ப் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, பாத்திரம் கழுவுற தேங்காய்த் தும்பு குழாயுக்குள்ள போகுதா?”

“போகாம இருக்குமா டீச்சர். ரெண்டு இழை போகத்தான் செய்யும். அதுக்குப் போயி குழாய் அடைச்சுக்குமா? அப்புடிப் பாத்தா எங்க லயத்துத் தண்ணி போற கான் எல்லாம் எப்பவோ அடைச்சிருக்கணும்.”

நான் முதல் பாதியை மட்டும் கேட்டேன். ‘போகத்தான் செய்யும்.’

தங்கைகளே, நான் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தால் அளவுக் கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஆனால் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும் முடிவை அன்று மதியச் சாப்பாட்டுக்கும் பின்னேரத் தேநீருக்கும் இடையில் எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பிள்ளைகளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் கேற்றடியில் தாய்மார் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அந்த நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

“பாக்கியம் அக்கா, நாளையிலயிருந்து நீங்கள் வரத் தேவையில்லை. குழாய் விசயமா மாஸ்டர் சொல்லிப்போட்டார்.”

அவர் கையில் என் மகள் இருந்தாள். மகளை என்னிடம் தந்தார். குசினித் திறப்பை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தந்தார்.

“சரிங்க டீச்சர். பாப்பாவுக்கு இன்னைக்கு இருமல் இருக்கு. ராவைக்குப் பால் குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். முழங்கால் வலிக்குக் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். அன்று நான் அதைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

புதன் மாலையே மறுபடி ஆள் பிடித்துக் குத்தித் திறந்தாயிற்று. வியாழனும் வெள்ளியும் விடுமுறையில் இருந்த ஒரு தாய் உதவிக்கு வந்தார். சமையல் நான். தும்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, துணியால் பாத்திரம் கழுவினேன். சோறு ஒரு பருக்கை போகாதபடி வடித்தேன். மாலையில் நான்காம் விதிப்படி இரண்டு பேணி சாம்பலை நானே போட்டேன். வெள்ளி மதியம் குழாய் பேசத் தொடங்கியது. பின்னேரம் மலகூடம் நிறைந்துவிட்டது.

பாக்கியம் அக்கா ஸ்பிரிங்வெளியில். தும்பு குப்பையில். குழாய் மட்டும் தன்பாட்டுக்கு அடைத்துக்கொண்டது. அந்த மலகூட வாசலில் வாளியோடு நின்றபோது எனக்கு இரண்டு விசயம் விளங்கியது. திறப்பைக் கொடுக்க வேண்டி வரும் என்பது ஒரு பக்கம். அதைவிட, நான் அனுப்பியது பிழையான ஆளை.

சனிக்கிழமை பிள்ளைகள் இல்லை. பசறையிலிருந்து ஒரு பாஸ் வந்தார். மேசன் வேலை, குழி வேலை செய்கிறவரை நாங்கள் பாஸ் என்போம் என்பது உங்களுக்கும் தெரியும். என் வயதுதான் இருக்கும். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இன்றுவரை அது எனக்கு வெட்கம். முன்பு தோட்டத்தில் கான் வெட்டியவராம். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தேயிலை மலைக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால்தான் கான்.

எங்கள் சந்தேகங்களை எல்லாம் கேட்டுவிட்டும் அவர் மூங்கில் பட்டையைத் தொடவே இல்லை.

“போன தடவை குத்துனப்ப வெளிய என்னங்க வந்துச்சு?” என்று கேட்டார்.

நானும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான்கு தடவையும் நாங்கள் முன் விறாந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

“பார்க்கேல்லை” என்றார் மாஸ்டர்.

“பாக்காம எப்புடிங்க பிள்ளைங்க, மரம், தும்புன்னு ஆளாளுக்குப் பேர் வச்சீங்க?”

வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, குழாய் போகிற வழியே மெல்ல இறங்கி, அங்கங்கே குனிந்து காது கொடுத்தார். ஜம்பு மரத்தடி வளைவில் மண்வெட்டியைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் குழாய்த் துண்டு ஒன்று வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் சாம்பல் நிறக் கட்டி ஒன்றைத் தட்டி எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார்.

“சிமெந்து. அந்தக் காலத்தில வீடு கட்டேக்கை விழுந்தது” என்றார் மாஸ்டர்.

பாஸ் அதில் ஒரு துண்டை உடைத்து, தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தார். கரைந்து ஓடியது. நடுவில் கறுப்பாக ஒரு சின்னத் துண்டு மிஞ்சியது.

“சிமெந்து கரையாதுங்க. இது அடுப்புக் கரி. மத்ததெல்லாம் சாம்பல். இதுக்குள்ள பாருங்க, மரத்து வேர் கொஞ்சம், தும்பு ரெண்டு இழை, எண்ணெய்ப் பிசுக்கு. சாம்பல் இல்லாட்டி அதெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போயிருக்கும். யாருங்க இதுல சாம்பல் போடுறது?”

எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

“விதி” என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். “விதிமேல பழியைப் போட்டா எப்புடிங்க.”

“அந்த விதி இல்லை. சுவரில எழுதின விதி. நாலாவது.”

போய் மட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, மண்வெட்டிப் பிடியில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.

“நாங்களும் லயத்துல சாம்பல் போடுவோங்க. அது குழிக் கக்கூஸு. போட்டா நேரா குழியில விழுந்துரும். நல்லது. இங்க முப்பது அடி படுத்துக்கிட்டுப் போகணும். தண்ணியோட போற மாதிரி போயி, வளைவுல ஒக்காந்துரும். தெனம் ரெண்டு பேணின்னா தெனம் ரெண்டு பூச்சு. நல்லாத்தான் பூசியிருக்கீங்க.”

வீட்டுக்குப் போய்ப் பழைய பயிற்சிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது, “மலகூடக் குழியில் சாம்பல் இடுதல்.” அந்த ‘குழி’யை விட்டது நான்தான். மட்டையில் எழுதும்போது, பிள்ளைகளும் வருகிறவர்களும் பார்க்கிற சுவரில் ‘குழி’ என்று எழுதுவது அழகாக இருக்காது என்று நினைத்தது நன்றாக ஞாபகம் வந்தது. ‘மலகூடத்தில்’ என்றால் மரியாதையாக இருந்தது. இரண்டெழுத்தை விட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டேன். ஏழு மாதச் சாம்பல் ஆனது.

மாஸ்டரிடம் குறிப்பைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நானும் வாசிச்சனான், பிள்ளை. ஒற்றுப் பிழையைப் பிடிச்சன். கருத்துப் பிழையை விட்டிட்டன்” என்றார். திறப்பைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

அன்று செய்தவற்றை உங்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இனி இது உங்கள் குழாய். வளைவில் இப்போது பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, அதன்மேல் மூடி போட்ட சின்னத் தொட்டி. மாதத்தில் முதல் சனிக்கிழமை அந்த மூடியைத் திறந்து பாருங்கள். நாற்றம் அடிக்கும், அடிக்கட்டும். குசினித் தண்ணீரைப் பிரித்து வாழையடிக்கு விட்டாயிற்று, சாம்பலும் அங்கேதான். குசினி வாயில் வலை இருக்கிறது, அதில் சேர்வதைத் தினமும் தட்டி எடுங்கள். ஜம்பு வேர் வருடத்துக்கு ஒரு தடவை மூட்டுவழியாக எட்டிப் பார்க்கும், மயிர்போல இருக்கும்போதே வெட்டிவிடுங்கள்; மரத்தைக் குறை சொல்லாதீர்கள், மாஸ்டருக்கு மனம் நோகும். பிள்ளைகள் கோப்பை கோப்பையாக ஊற்றுவது போதாது. மாலையில் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ரயில் விட நேரவில்லை. குழாய் மறுபடி பேசினால், பேர் வைக்க முதல், வெளியே வருவதைப் பாருங்கள்.

குழாய் சரி. பாக்கியம் அக்கா?

மாஸ்டர் ஒரு வழி சொன்னார். “குழாய் திருத்தியாச்சு, வாங்கோ எண்டு ஆள் அனுப்புங்கோ. சாம்பல் கதையை ஏன் ஊருக்குச் சொல்லுவான்? தாய்மாருக்கு உங்களில இருக்கிற நம்பிக்கை போயிடும்.” அது பொய்யும் இல்லை. குழாய் திருத்தியாகிவிட்டது. பிள்ளைகளுடைய சுகாதாரத்துக்குப் பொறுப்பான டீச்சரே மலகூடத்தை அடைத்தவள் என்று தெரிந்தால், எந்தத் தாய் தைரியமாகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்? இரவு படுத்தபடி சொல்ல வேண்டியதை எட்டு விதமாக அமைத்துப் பார்த்தேன். எட்டிலும் சாம்பல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினேன். லயத்தை விசாரித்துப் போனபோது பாக்கியம் அக்கா வாசலில் இருந்து ஒரு பழைய படங்கைத் தைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டும் சாக்குத்தான் படங்கு. அந்த முழங்காலோடு அவர் மறுபடி மலைக்குப் போகத் தயாராகிறார்; அதைப் பார்த்ததும் நான் எதற்கு வந்தேன் என்பது எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

“வாங்க டீச்சர். பாப்பாவையும் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரமா” என்று எழுந்து முதலில் மகளை வாங்கினார். “இருமல் விட்டுருச்சா?”

உள்ளே கூட்டிப்போய், வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எட்டு விதத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“அக்கா, குழாயை அடைச்சது உங்கட தும்பு இல்லை. என்ர சாம்பல்.”

முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“அட, அந்த ரெண்டு பேணியா? தெனம் கொட்டுனது நான்தானே டீச்சர்.”

“எழுதினது நான்.”

“அதுவும் சரிதான்” என்றார். “எனக்கும் ஒரு நாள் தோணுச்சு, இம்புட்டுச் சாம்பலும் எங்க போவுதுன்னு. படிச்சவங்க எழுதியிருக்காங்க, எங்கயாச்சும் போவும்னு விட்டுட்டேன்.”

“நாளைக்கு வாங்கோ அக்கா.”

அவர் படங்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குப் பெரட்டுக்கு வாறேன்னு கணக்கப்பிள்ளைக்கிட்டச் சொல்லிட்டேனே. காலையில போயி வரிசையில நின்னாத்தான் அன்னைக்கு வேலைக்குப் பேர் போடுவாங்க. போட்டுட்டாங்கன்னா அப்பறம் மலைதான்.”

“உங்கட கால்?”

“காலு எங்க போவுது, கூடவே வரும்” என்று சொல்லி நூலைக் கடித்து அறுத்தார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். “டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என்னைய அனுப்புனப்ப கேட்டுல ஏழெட்டு அம்மாமாரு நின்னாங்க. அதுல ரெண்டு பேரு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எம் பின்னாடியேதான் வந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. நான் என்னமோ களவெடுத்த மாதிரி. அன்னைக்கு மாஸ்டர் பேரைச் சொல்லி, எல்லாருக்கும் கேக்க அனுப்பிச்சீங்க. இன்னைக்குக் கூப்புடறது மட்டும் வீட்டுக்குள்ள வச்சா?”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“என்ன சொல்லவேணும்?”

“இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, அதேதான். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். சொல்லுவீங்கன்னா காலையில பஸ் ஏறுறேன். மாட்டீங்கன்னா பெரட்டுக்குப் போறேன். ரெண்டும் ஆறரைக்குத்தான், இப்பவே தெரிஞ்சா நல்லது.”

கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் என் மகளுக்கு பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டிக்கொண்டே சொன்னார். நான் சொல்லுவேன் என்றேன். திரும்பும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை, சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். பாக்கியம் அக்காவோ என் சொல்லை நம்பி அடுத்த நாள் பெரட்டை விடப்போகிறார். நான் பின்வாங்கினால் அவருக்கு இரண்டும் இல்லை.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். வேறு குழாயாக இருக்கும், வேறு ஆளாக இருக்கும். பழியைப் போட்ட இடத்திலேயே நின்று அதை எடுக்க வேண்டும். வேறு இடத்தில் எடுத்தால் அது எடுபடாது. இதை எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் நான் படிக்கவில்லை.

திங்கள் காலை ஏழரைக்குக் கேற்றடியில் வழக்கமான அவசரம். பாக்கியம் அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. கேற்றுக்கு வெளியே, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். புதன்கிழமை நின்ற தாய்மாரில் பெரும்பாலும் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவரைக் கண்டதும் கதை நின்றுவிட்டது.

“ஒரு நிமிசம் நில்லுங்கோ” என்றேன். “புதன்கிழமை பாக்கியம் அக்காவை நான் நிப்பாட்டினது உங்களுக்குத் தெரியும். குழாயை அடைச்சது அவ இல்லை. நான் எழுதின விதிப்படி போட்ட சாம்பல். பிழை முழுக்க என்ர. மாஸ்டர்ட பேரைச் சொன்னதும் பிழை, முடிவெடுத்தது நான். அக்காவைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டிருக்கிறன்.”

ஆஸ்பத்திரித் தாதி மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிய வந்திருக்காதே, டீச்சர்.”

“தெரிய வந்திருக்காது.”

“அப்ப சரி” என்று மகனுடைய கையை என் கையில் பிடித்துத் தந்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை விட்டார்கள். அன்று பஸ் ஸ்டாண்ட் வரை பேசாமல் நடந்த இருவரில் ஒருவர் போகிற போக்கில், “கால் எப்பிடி இருக்கு அக்கா?” என்று கேட்டார்.

பாக்கியம் அக்கா கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் இடுப்பிலிருந்து மகளை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். குசினித் திறப்புக்குக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன்.

“நாலு நாளு லீவு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “அடுத்த தடவை லீவு குடுக்கிறப்ப முன்னாடியே சொல்லிருங்க டீச்சர். மொனராகலையில மக வீட்டுக்காவது போயிட்டு வந்திருப்பேன்.”